வெளியூர் முகத்துக்கு ஒரு விலையா?

தில்லியில் குடியேறும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். சாணக்கியபுரியில் தூதரக வேலையாய் வந்திருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வரும். கிர்க்கி எக்ஸ்டென்ஷனில் மாடி அறை எடுத்துப் படிக்கும் நைஜீரிய மாணவருக்கும் வரும். மாற்றலாகி ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த நம் மதுரைக்காரருக்கும் வரும். வாசலில் நிற்கும் காய்கறி வண்டிக்காரர் நம்மிடம் தக்காளி கிலோ 40 ரூபாய் என்கிறார். எதிர்வீட்டு அம்மாளுக்கு 35-க்குப் போடுகிறார். நம் முகத்தைப் பார்த்து, தட்டுத்தடுமாறிய இந்தியைக் கேட்டு, ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டாரோ?

பெரும்பாலும் இல்லை. இதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பேசிவிடலாம். வேண்டுமானால் இரண்டாவது டீயும் சொல்லிக்கொள்வோம். ஏன் இல்லை என்று தெரிய, அந்த வண்டி நம் வாசலுக்கு வந்த வழியில் கொஞ்சம் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். முகத்தைப் பார்த்து விலை சொல்லும் இடங்கள் தில்லியில் உண்டு. ஜன்பத் கடைவரிசையில் துணிப்பையும் பாசிமணியும் விற்பவர்கள், பஹாட்கஞ்சில் முதுகுப்பையோடு வந்து இறங்குகிறவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாம் அந்த ரகம். 800 என்று ஆரம்பித்து 300-இல் முடியும் பேரத்தை அங்கே தினமும் பார்க்கலாம். அதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். இரு தரப்பும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது: வாங்குகிறவர் நாளை வரப்போவதில்லை. ராத்திரி ரயிலில் ஆக்ராவுக்கோ ஜெய்ப்பூருக்கோ போய்விடுவார்.

வாசலுக்கு வரும் வண்டிக்காரரின் நிலைமை நேரெதிர். நாளைக்கும் அவர் இதே தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்தால் அதில் பத்து வீடாவது வழக்கமாக வாங்கினால்தான் அவர் பிழைப்பு ஓடும். புதிதாகக் குடிவந்த நாம் அவருக்குப் பதினோராவது வீடு. முதல் நாளே ஐந்து ரூபாய்க்கு ஆசைப்பட்டு அந்த வீட்டை இழப்பது அவருக்குக் கட்டாது. புதிதாய் வந்த வீட்டுக்கு முதல் இரண்டு நாள் அவர் காட்டும் பணிவைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்படியானால் 40-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கும் ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது?

வட தில்லியில் ஆசாத்பூர் மண்டி இருக்கிறது. 1977-இல் அமைந்தது, ஆசியாவின் பெரிய காய்கனி மொத்தச் சந்தைகளில் ஒன்று. கோயம்பேட்டை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு அந்தச் சேறும் இரைச்சலும் புதிதாக இருக்காது. காஷ்மீர், இமாசல ஆப்பிளும் நாசிக் வெங்காயமும் லாரி லாரியாக ராத்திரியில் வந்து இறங்கும். இதைத் தவிர தென்பக்கத்துக்கு ஓக்லா, கிழக்கே காஜிப்பூர், மேற்கே கேஷோப்பூர் என்று சிறிய மண்டிகளும் உண்டு. நம் வண்டிக்காரர் எந்தப் பக்கம் குடியிருக்கிறாரோ அதைப் பொறுத்து, விடிவதற்கு வெகுநேரம் முன்பே இவற்றில் ஒன்றில் நிற்பார்.

விவசாயியின் சரக்கை அங்கே விற்றுக் கொடுப்பவர் ஆட்தியா, அதாவது கமிஷன் ஏஜெண்ட். அவர் லாரிக் கணக்கில், மூட்டைக் கணக்கில் பேசுகிறவர். இரண்டு பெட்டி தக்காளி கேட்டு வருகிறவருக்கு நேரம் ஒதுக்கமாட்டார். அதற்காக நடுவில் இன்னொருவர் இருக்கிறார். தில்லி மண்டியில் அவருக்கு மாஷாகோர் என்று பெயர். ஆட்தியாவிடம் மொத்தமாக எடுத்து, தரம் பிரித்து, சிறு வியாபாரிக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பது அவர் தொழில். கல்யாண வீட்டில் அண்டாவில் இருக்கும் ரசம் வாளிக்கு வந்து, வாளியிலிருந்து கரண்டிக்கு வந்து, பிறகுதான் நம் இலைக்கு வருகிறது, இல்லையா? அதே மாதிரிதான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் சிந்தும். மாற்றுகிறவருக்குக் கூலியும் உண்டு. நம் வண்டிக்காரர் கடைசிக் கரண்டி.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பெட்டியில் 25 கிலோ தக்காளி, கிலோ 24 ரூபாய் என்று வாங்குகிறார். பெட்டி 600 ரூபாய். அதை நம்மிடம் 40-க்கு விற்கிறார். கேட்டவுடன் நம் மனம் என்ன செய்கிறது? கிலோவுக்கு 16 ரூபாய் லாபம், 25 கிலோவுக்கு 400 ரூபாய் என்று பெருக்கிவிடுகிறது. இதில்தான் தப்பு நடக்கிறது.

அடியில் கிடந்த இரண்டு கிலோ டெம்போ குலுக்கலில் நசுங்கிவிடும். கடைசி மூன்று கிலோ சாயங்காலம் வரை கிடந்து தோல் சுருங்கி, கிலோ 15-க்குப் போகும். அதில் 45 ரூபாய். முழு விலைக்கு விற்பது 20 கிலோதான், 800 ரூபாய். ஆக வரவு 845. டெம்போவில் பங்கு, சுமைகூலி, பை என்று பெட்டிக்கு 60 ரூபாய் வையுங்கள், செலவு 660. மிச்சம் 185. நாம் நினைத்த 400-இல் பாதி கூட இல்லை. வண்டி வாடகையை இன்னும் கழிக்கவில்லை. பலருக்கு அந்த வண்டி சொந்தமில்லை, தினவாடகைக்கு எடுத்ததுதான்.

தில்லியின் வெயில் இந்தக் கணக்கை இன்னும் முறுக்கும். மே மாதத்தில் பசலையும் கொத்தமல்லியும் பத்து மணிக்கே தலை சாய்ந்துவிடும். அவர் ஓயாமல் தண்ணீர் தெளிப்பது எடை கூட்டுவதற்காக என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கூடவும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் தெளிக்காவிட்டால் மதியம் விற்பதற்குக் கீரையே இருக்காது.

இதிலிருந்து நமக்கு முதல் துப்பு கிடைக்கிறது. காலை எட்டு மணித் தக்காளியும் மாலை ஏழு மணித் தக்காளியும் அவருக்கு ஒரே சரக்கு அல்ல. காலையில் அதற்கு இன்னும் பத்து மணி நேர ஆயுள் இருக்கிறது. ராத்திரி மிஞ்சினால் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய பாரம். எதிர்வீட்டு அம்மாள் எப்போது வாங்கினார் என்று கவனித்துப் பாருங்கள். பல தடவை விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது துப்பு கைகளில் இருக்கிறது. நாம் வண்டி முன் நின்று ஒவ்வொரு தக்காளியாக எடுத்து, அழுத்திப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கிப் போடுகிறோம். அந்த அம்மாளோ மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி, ஒரு கிலோ போடு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். நாம் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சுவதை அவர் வேறு யாருக்காவது குறைத்துத்தான் கொடுக்க முடியும். அந்த நஷ்டத்தைப் பொறுக்குகிறவரிடமே வாங்கிக்கொள்கிறார். தில்லி வண்டிகளில் இது ஒளிவுமறைவான விஷயமே அல்ல. பொறுக்கினால் ஐம்பது, கலந்து எடுத்தால் நாற்பது என்று வாய்விட்டே சொல்வார்கள். இந்தி புரியாதவர் காதில் முதல் எண் மட்டும்தான் விழுகிறது.

மூன்றாவதுதான் வெளிநாட்டவரை அதிகம் காயப்படுத்துவது. இஞ்சி, காளான், பச்சைப் பட்டாணி போன்று விலை கூடிய சரக்குக்குத் தில்லி வண்டிக்காரர் கிலோ விலை சொல்வதில்லை. ‘பாவ்’ விலை சொல்வார். பாவ் என்றால் கால் கிலோ. 30 ரூபாய் என்று காதில் விழுகிறது, ஒரு கிலோ கேட்கிறோம், 120 கேட்கிறார். முப்பது என்றவர் நூற்றிருபது கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவருக்கோ நாம் ஏன் கத்துகிறோம் என்பது விளங்கவே விளங்காது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. ஒன்றரை, இரண்டரைக்கு இந்தியில் தனிச் சொற்கள் இருப்பதும், ஏழும் அறுபதும் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பதும் குழப்பத்தைக் கூட்டும். முதல் மாதம் விரலைக் காட்டிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். இல்லையென்றால் மின்தராசில் தெரியும் எண்ணைப் பாருங்கள். அதற்கு மொழி கிடையாது.

விலை எல்லோருக்கும் சேர்ந்து ஏறும் நாட்களும் உண்டு. 2023 ஜூலையில் மழையால் தக்காளி வரத்து குறைந்து தில்லியில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசு தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு மூலம் வேன்களில் வைத்து 90 ரூபாய்க்கும், பிறகு அதற்கும் குறைத்தும் விற்றது. வண்டிக்காரர்கள் கொள்ளையடிப்பதாக அப்போதும் பேச்சு கிளம்பியது. ஆனால் தக்காளி வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று ஆசாத்பூர் மண்டியிலேயே நின்று கண்கலங்கிய ஒரு சிறு வியாபாரியின் வீடியோ அதே மாதம் நாடெங்கும் பரவியது. விலை ஏறினால் விற்கிறவருக்குக் கொண்டாட்டம் என்பது கிடங்கு வைத்திருப்பவருக்குப் பொருந்தலாம். தள்ளுவண்டிக்குப் பொருந்தாது, முதல் போட முடியாமல் அன்று அவர் அந்தச் சரக்கையே எடுக்காமல் விடுவார்.

சரி, நேரமும் ஒன்று, பொறுக்குவதும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அப்படியும் எதிர்வீட்டுக்குக் குறைவு என்றால்? அப்போது நாம் கடைசிக் காரணத்துக்கு வந்துவிட்டோம். அந்த அம்மாள் வண்டிக்காரருக்கு வாடிக்கை.

கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மொராக்கோவில் செஃப்ரூ என்ற ஊரின் சந்தையை நெடுநாள் கவனித்து 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்னது ஏறக்குறைய இது: இந்த மாதிரிச் சந்தையில் சரக்கு தாராளம், தகவல்தான் பஞ்சம். எது நல்லது, எது நேற்றையது, நியாய விலை என்ன என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பத்துப் பேரிடம் விசாரிப்பது முடியாத காரியம். அதனால் மனிதர்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமே திரும்பத் திரும்பப் போகிறார்கள். பேரமும் வெறும் விலையைப் பற்றியது அல்ல; விலையை அப்படியே வைத்துக்கொண்டு அளவிலும் தரத்திலும் கூட்டிக் குறைக்கலாம். மொராக்கோவை எடுத்துவிட்டு மால்வியா நகர் என்று போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

வாடிக்கையாகிவிட்டால் என்ன நடக்கிறது? விலை ஒரேயடியாகக் குறைந்துவிடாது. பூச்சி விழுந்த கத்தரிக்காயை அவரே ஒதுக்கிப் போடுவார். இன்றைக்கு வெண்டை வேண்டாம், முற்றல் என்று அவர் சரக்கை அவரே குறை சொல்வார். இந்த இடத்தை அடைந்துவிட்டால் நமக்குத் தெருவில் குடியுரிமை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். சில்லறை இல்லையென்றால் நாளைக்குக் கொடுங்கள் என்பார். இந்தியாவில் வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டவருக்கு இது சின்ன உதவி அல்ல, ஏனென்றால் எல்லா வண்டியிலும் யுபிஐ அட்டை தொங்கும் ஊரில் அவர்தான் ஐநூறு ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்.

அப்புறம் கொசுறு. நம் ஊரில் கறிவேப்பிலை போடுவது போல, தில்லியில் ஒரு பிடி கொத்தமல்லியும் நாலைந்து பச்சைமிளகாயும். கேட்காமலே பையில் விழும். இது எவ்வளவு ஆழமாக ஊறிய வழக்கம் என்றால், சில நிமிடங்களில் வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் பிளிங்கிட் நிறுவனமே 2024-இல் காய்கறி வாங்குகிறவர்களுக்குக் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தது. கொத்தமல்லிக்குக் காசா என்று ஒரு வாடிக்கையாளரின் அம்மா அதிர்ச்சியடைந்ததுதான் அதற்குக் காரணமாம். நியாயமான அதிர்ச்சி.

இதுவரை சரக்கின் விலையைப் பார்த்தோம். அவர் நிற்கும் இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. தெரு எல்லோருக்கும் பொது, வாடகை இல்லை, வரி இல்லை, அப்புறம் என்ன என்றுதான் புதிதாக வந்தவர் நினைப்பார். வெளிநாட்டவரைக் குறை சொல்வானேன், தில்லிக்காரர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதலில் காலனியின் இரும்புக் கதவு. தில்லியின் நடுத்தரக் குடியிருப்புகள் பலவற்றில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று இருக்கும். கதவு, காவலாளி எல்லாம் அதன் பொறுப்பு. எந்த வண்டி உள்ளே வரலாம், எத்தனை மணி வரை, யாருக்கு அடையாள அட்டை என்பதைப் பல இடங்களில் அந்தச் சங்கமே முடிவு செய்கிறது. ஆகவே நம் வாசலுக்கு வருகிறவர் வழி தவறி வந்தவர் அல்லர். ஏதோ ஒரு வகையில் அனுமதி வாங்கி வந்தவர். காலனிக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர் மாநகராட்சியோடும் காவல்துறையோடும் தினமும் சமாளிக்க வேண்டும். சில சமயம் ரசீதோடு, பல சமயம் ரசீது இல்லாமல்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது சுவாரசியமான கதை, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜன்பத் சந்தில் ஆயத்த ஆடை விற்றுக்கொண்டிருந்த சோதன் சிங் என்பவர் புது தில்லி நகராட்சிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 1989-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும். தெரு நடப்பதற்கு மட்டுமே என்று காரணம் காட்டி அதை அடியோடு மறுக்க முடியாது. ஆனால் அரசு ஒழுங்குபடுத்தலாம். இந்த மூலையில்தான் உட்காருவேன் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அதாவது உரிமை உண்டு, இடம் உறுதியில்லை. தில்லி நடைபாதையில் இன்றுவரை நாம் பார்க்கும் இழுபறி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்தினாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்த சரக்கு அழுகக்கூடியதாக இருந்தால், கட்டணம் செலுத்தியதும் அன்றே திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதியவர் தக்காளி வியாபாரம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

காகிதத்தில் நல்ல சட்டம். தெருவில் நடப்பது வேறு. 2024 ஜூலை 1 அன்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அன்றே புது தில்லி ரயில் நிலையத்துக்கு அருகே, நடைமேம்பாலத்தின் கீழே வண்டி போட்டிருந்த ஒருவர் மீது பாதையை மறித்ததாக அதன்கீழ் வழக்குப் பதிவானது. செய்தி பரவிப் பேச்சு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. ஒருநாள் வண்டி பறிபோனால் அன்றைய முதல், அன்றைய வருமானம், மீட்கக் கட்ட வேண்டிய தொகை மூன்றும் போகும். அப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தவர், வராத நாட்களின் விலையில் கொஞ்சம் சேர்த்து வைக்காமல் எப்படி இருப்பார்? நம்முடைய 40 ரூபாயில் அந்தப் பயத்துக்கும் சில காசுகள் இருக்கின்றன.

தனிவண்டியாக இல்லாமல் கூட்டமாக வரும் ஏற்பாடும் தில்லியில் உண்டு. வாரச் சந்தை. திங்களன்று கூடினால் சோம் பாஜார், செவ்வாயன்று மங்கல் பாஜார், புதனன்று புத் பாஜார் என்று கிழமையே பெயர். மத்தியானம் வரை வெறும் சாலையாகக் கிடந்த இடம் நாலு மணிக்குமேல் துணி, பாத்திரம், காய், செருப்பு என்று நிரம்பி, ராத்திரி பத்து மணிக்குள் மறுபடி வெறும் சாலையாகிவிடும். அதே வியாபாரிகள் மறுநாள் வேறொரு பேட்டையில் இருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் பக்கத்துச் சாலைக்கு எந்தக் கிழமை என்று விசாரிப்பது. தெரியாமல் அன்றைக்குக் காரை அங்கே நிறுத்திவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வெளியாட்களை இந்தத் தெரு எப்படி நடத்துகிறது என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: வெளியாட்களே இந்தத் தெருவைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் வந்த அகதிகள் கிடைத்த இடத்தில் கடைவிரித்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கு அரசு ஒதுக்கிய கடைகளில் வளர்ந்ததுதான் 1951-இல் உருவான கான் மார்க்கெட். இன்று நாட்டிலேயே வாடகை அதிகமான கடைத்தெருக்களில் அது ஒன்று. அதே அகதிகளுக்காக எழுந்த குடியிருப்பு லாஜ்பத் நகர். அங்கே இப்போது ஆப்கானியர் பலர் வாழ்கிறார்கள்; தந்தூரிலிருந்து எடுத்த முழநீள நான் ரொட்டியைத் தெருவோரத்தில் அடுக்கி விற்பதை அங்கும் பக்கத்துப் பேட்டையான போகலிலும் பார்க்கலாம். யமுனைக்கரை மஜ்னு கா டீலாவில் திபெத்தியர்கள் வழுக்கும் மாவுக்கட்டியை மிளகாய்க் குழம்பில் தோய்த்து லாஃபிங் விற்கிறார்கள். திபெத்திய, நேபாள அடுப்புகளிலிருந்து கிளம்பிய மோமோ இன்று தில்லியின் எந்த முக்கில் ஆவி பறக்கவில்லை?

வாங்குகிறவர்களும் வண்டியை மாற்றுகிறார்கள். தில்லி ஹாட்டுக்கு எதிரே இருக்கும் ஐஎன்ஏ மார்க்கெட்டில் தூதரகச் சமையல்காரர்களும் தென்னிந்தியக் குடும்பங்களும் கேட்டுக் கேட்டே எலுமிச்சைப் புல்லும் வெண்ணெய்ப்பழமும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் ஒரே பலகையில் வந்து சேர்ந்தன. நம் வண்டிக்காரரிடமும் இதைச் செய்யலாம். அவருக்குத் தெரியாத காய் வேண்டுமென்றால் படத்தைக் காட்டி, எவ்வளவு வாங்குவீர்கள் என்று சொல்லுங்கள். விற்காமல் போனால் நஷ்டம் அவருடையது என்பதால் ஒரு கிலோவாவது கட்டாயம் எடுத்துக்கொள்வேன் என்று உறுதி கொடுங்கள். மறுநாள் மண்டியில் அவர் அதைத் தேடுவார்.

இவ்வளவு பழகிய பிறகு ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவார். அது தீபாவளியை ஒட்டிய வாரமாக இருந்தால் பயப்பட வேண்டாம். தில்லி வண்டிக்காரர்களில் மிகப் பலர் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை, நம் பொங்கலைப் போலவே சூரியனுக்கு. அதற்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் ரயிலில் நிற்க இடம் இருக்காது, தில்லித் தெருக்களில் காய்கறிக்குத் திண்டாட்டம். போகும் முன்பே எப்போது திரும்புவார் என்று கேட்டு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது டேகுவா கொண்டுவந்து கையில் வைப்பார். கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்தது, ஒரு வாரம் கெடாது. அதற்கு விலை கேட்டுவிடாதீர்கள்.